5000 லூமென் லைட்டைப் பிரித்துப் பார்த்தேன்

பெட்டியில் 5000 லூமென் என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறார்கள். லூமென் என்பது லைட் வெளிவிடும் மொத்த ஒளியின் அளவு. மூன்று எல்இடி, அலுமினிய உடம்பு, ரப்பர் வளையத்தால் ஹேண்டில்பாரில் மாட்டும் வகை, தனியாகத் தொங்கும் நான்கு செல் பேட்டரி. ஆன்லைனில் சைக்கிள் லைட் என்று தேடினால் முதல் பக்கம் முழுக்க வருமே, அதே ரகம். இதை வைத்து ஓட்டிக்கொண்டிருந்த சமயத்தில் நண்பர் ஒருவர் தன்னுடைய விலை உயர்ந்த லைட்டைக் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளக் கொடுத்தார். அதில் போட்டிருப்பது 1600 லூமென். விலையோ என்னுடையதைப் போலப் பத்து மடங்குக்கு மேல். தெருவிளக்கு இல்லாத சாலையில் இரண்டையும் மாற்றி மாற்றி மாட்டி ஓட்டினால், எது 5000 எது 1600 என்று தெரியாதவர் நிச்சயம் தலைகீழாகத்தான் சொல்வார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது, அதில் எவ்வளவை நாமே திருப்புளியும் சால்டரிங் அயர்னும் வைத்து ஈடுகட்டலாம் என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

முதலில் மின்சாரக் கணக்கு. பேட்டரிக்கும் லைட்டுக்கும் நடுவில் உள்ள கனெக்டரைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்துத் தொடராக இணைத்தேன். முழு வெளிச்சத்தில் 1.5 ஆம்பியர் ஓடியது. அப்போது பேட்டரியில் 7.6 வோல்ட். பெருக்கினால் 11.4 வாட். நல்ல வெள்ளை எல்இடியை அதிகம் விரட்டாமல், சூடேறாமல் ஓட்டினால் வாட்டுக்கு 130, 150 லூமென் வரை எதிர்பார்க்கலாம். மலிவு எல்இடியை அதன் எல்லைக்குப் பக்கத்தில் ஓட்டும்போது 100 வந்தாலே பெரிது. வழியில், எல்இடிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் போர்டு தின்பது கொஞ்சம், ரிஃப்ளெக்டரும் முன் கண்ணாடியும் விழுங்குவது கொஞ்சம். எல்லாம் போக மிஞ்சுவது 800 லூமென் அளவில்தான் இருக்கும். நிஜமாகவே 5000 வேண்டுமென்றால் 40 வாட்டுக்கு மேல் இழுத்தாக வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் இந்த உடம்பு அவ்வளவு சூட்டை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்?

க்ரீ நிறுவனத்தின் எக்ஸ்எம்-எல் என்ற எல்இடி 2010இல் வந்தபோது, ஒற்றை எல்இடியில் 3 ஆம்பியர் ஓட்டினால் ஏறக்குறைய 1000 லூமென் என்பதே பெரிய விஷயமாக இருந்தது. மலிவு லைட்டுகளின் பெட்டியில் இன்னமும் அந்தப் பெயரைத்தான் போடுகிறார்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே உருவத்தில் வேறு ஏதோ ஒன்று. என்னுடையதில் மூன்று எல்இடியும் சேர்ந்து வாங்கும் மின்சாரமே, அசல் எக்ஸ்எம்-எல் ஒன்றை முழுவேகத்தில் ஓட்டப் போதுமான அளவுதான்.

அப்புறம் எளிதான ஒரு ஒப்பீடு. வெள்ளைக் கூரை உள்ள சின்ன அறையில் கதவைச் சாத்திவிட்டு, லைட்டைக் கூரையைப் பார்க்க நிமிர்த்தி வைத்து, போனில் லக்ஸ், அதாவது ஓரிடத்தில் விழும் ஒளியின் அளவை, அளக்கும் செயலியைத் திறந்து தரையில் வைத்தேன். போன் காட்டும் எண்ணை அப்படியே நம்பக்கூடாது. ஆனால் ஒரே அறை, ஒரே இடம், ஒரே போன் என்றால் இரண்டு எண்களுக்கு இடையிலுள்ள விகிதத்தை நம்பலாம். நண்பரின் லைட் என்னுடையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு காட்டியது. 1600க்கு 800 என்று வைத்தால் மின்சாரக் கணக்கோடு ஒத்துப்போகிறது.

நல்ல நிறுவனங்கள் போடும் எண்ணையும் கொஞ்சம் கவனித்துத்தான் படிக்க வேண்டும். டார்ச்சுகளுக்கென்று 2009இல் அமெரிக்காவில் வந்த எஃப்எல் 1 தரத்தின்படி, ஆன் செய்த 30 வினாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள் வெளிச்சத்தை அளக்கிறார்கள். ஐந்தாவது நிமிடத்தில் சூடு தாங்காமல் லைட் தானாகக் குறைத்துக்கொண்டால் அது அந்த எண்ணில் சேராது. எரியும் நேரம் என்று போடுவதும், வெளிச்சம் தொடக்கத்தில் இருந்ததில் 10 சதவீதமாக இறங்கும்வரை உள்ள நேரம். ஆக, மூன்று மணி நேரம் என்று போட்டிருந்தால் மூன்று மணி நேரமும் முழு வெளிச்சம் என்று அர்த்தமில்லை. நேர்மையான எண்ணுக்கே இத்தனை நிபந்தனை இருக்கிறது என்றால், எந்தத் தரத்தையும் சொல்லாமல் போடும் எண்ணைப் பற்றி என்ன பேசுவது.

சரி, பிரிப்போம். முன்வளையம் பசை போட்டு இறுக்கியிருந்தது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு திருகியதில் கழன்றது. கண்ணாடி, அதன் கீழே தண்ணீர் புகாமல் தடுக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம், மூன்று குழி உள்ள பிளாஸ்டிக் ரிஃப்ளெக்டர், அதன் கீழே எல்இடி பதித்த வட்டமான அலுமினியப் பலகை. அந்தப் பலகையைத் தூக்கியதும் விஷயம் புரிந்துவிட்டது. பலகை உட்காரும் இடம் ஒரு மெல்லிய விளிம்பு மட்டும்தான். நடுவில் முழுக்கப் பொந்து. விளிம்பிலும் வெள்ளைப் பசை ஒரு பக்கம் பொட்டுப்போல ஒட்டிக் காய்ந்திருந்தது, மறுபக்கம் வெறும் உலோகம். மூன்று எல்இடியின் சூடும் அந்த விளிம்பு வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

லைட் கொஞ்ச நேரம் எரிந்த பிறகு உடம்பைத் தொட்டுப் பார்த்து, “பரவாயில்லையே, சூடே ஆகவில்லை” என்று நம்மில் பலர் சந்தோஷப்படுவோம். உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் அது. 11 வாட் உள்ளே போகிறது, அதில் பெரும்பகுதி சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு உடம்புக்கு வரவில்லையென்றால் எல்இடியிலேயே தங்குகிறது என்று பொருள். எல்இடி சூடாக ஆக வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும். கூரைச் சோதனையைப் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பார்த்தபோது என்னுடையது கால்பங்குக்கு மேல் இறங்கியிருந்தது, உடம்போ வெதுவெதுப்புதான். நண்பரின் லைட்டைக் காற்றில்லாமல் அதே அளவு ஓடவிட்டால் கையில் பிடிக்க முடியாத சூடு. அப்புறம் உள்ளே இருக்கும் வெப்ப உணரி வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. ஓடும்போது காற்று படுவதால் அப்படிக் குறைவதில்லை.

இதைச் சரிசெய்வது சுலபம். தடிமனான அலுமினியத் தகட்டில் பொந்தின் அளவுக்கு ஒரு வட்டம் வெட்டி, ஓரத்தை அரத்தால் தேய்த்து, ஒயர் போக ஒரு பக்கம் பள்ளம் எடுத்து, இறுக்கமாக உள்ளே இறங்கும்படி செய்தேன். மேல்முகம் விளிம்பின் மட்டத்துக்குச் சரியாக வர வேண்டும். துளி உயர்ந்தாலும் பலகை விளிம்பில் படாமல் ஆடும். தட்டையான கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து அதில் தேய்த்தால் மட்டம் வந்துவிடுகிறது. தகட்டின் பக்கவாட்டிலும் மேலேயும் கம்ப்யூட்டர் பிராசஸருக்குப் போடும் தெர்மல் பேஸ்ட்டை மெல்லிசாகப் பூசிப் பலகையை அழுத்தி உட்கார வைத்தேன். இந்தப் பேஸ்ட்டின் வேலை இரண்டு உலோகத்துக்கும் நடுவிலுள்ள காற்றை விரட்டுவது மட்டும்தான். கெட்டியாக அப்பினால் பேஸ்ட்டே தடையாகிவிடும். மூடுவதற்கு முன் எல்இடிக்குப் போகும் ஒயரின் இணைப்பு எதுவும் ரிஃப்ளெக்டரிலோ உடம்பிலோ படவில்லையா என்று மல்டிமீட்டரில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. இப்போது உடம்பு நன்றாகச் சுடுகிறது. முதல் நிமிட வெளிச்சத்தில் பெரிய மாற்றம் இல்லை, ஆனால் பத்தாவது நிமிடத்திலும் அது ஏறக்குறைய அப்படியே நிற்கிறது.

அடுத்தது பேட்டரி. மேலே 8800 மில்லி ஆம்பியர்-மணி என்று ஒட்டியிருக்கிறது. உறையைக் கிழித்தால் நான்கு 18650 செல்கள், அதாவது 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். இரண்டிரண்டாகப் பக்க இணைப்பில் சேர்த்து, இரண்டு ஜோடியையும் தொடராகப் போட்டிருக்கிறார்கள். இந்த அமைப்பில் 8800 வரவேண்டுமென்றால் ஒவ்வொரு செல்லும் 4400 இருக்க வேண்டும். சாம்சங், பானாசோனிக், எல்ஜி போன்றவர்களின் நல்ல 18650 செல்லே 3400, 3500இல்தான் நிற்கிறது. கொள்ளளவு அளக்கும் சார்ஜரில் போட்டுப் பார்த்ததில் என் செல் 1200ஐ ஒட்டிக் காட்டியது. எடை பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். முழுக் கொள்ளளவு உள்ள நல்ல செல் 45 முதல் 50 கிராம் இருக்கும், இவை கையிலெடுத்தால் காலி டப்பா மாதிரி இருக்கின்றன.

பேட்டரியை மட்டும் நான் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. லித்தியம் செல்மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைத்தால் உள்ளே இருக்கும் அடுக்குகள் கெடும், அதனால் நிக்கல் பட்டை ஏற்கெனவே வெல்டிங் செய்த செல்களாக வாங்கிப் பட்டையில்தான் ஈயம் வைத்தேன். ஜோடி சேர்ப்பதற்கு முன் எல்லா செல்லும் ஒரே வோல்ட்டேஜில் இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சட்டென்று பெரிய மின்னோட்டம் பாயும். பழைய பாதுகாப்பு போர்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு தொடருக்கான புதியதைப் போட்டேன். அளவுக்கு மேல் சார்ஜ் ஏறுவது, அளவுக்குக் கீழ் இறங்குவது, ஷார்ட் ஆவது மூன்றையும் அது தடுக்கும். கூடவே வந்த சார்ஜரை அளந்தால் 8.6 வோல்ட் வருகிறது. இந்த அமைப்புக்கு உச்சம் 8.4. அந்தச் சார்ஜர் இனி வேண்டாம் என்று ஒயரை வெட்டிக் குப்பையில் போட்டேன், வேறு யாராவது எடுத்துப் பயன்படுத்திவிடக் கூடாது. பழைய பேட்டரி முழு வெளிச்சத்தில் ஒன்றரை மணி நேரம் தாண்டாது. புதியது 50 வாட்-மணி கொள்கிறது, நான்கு மணி நேரம் நிம்மதியாக ஓடுகிறது. செல்லும் போர்டும் சரியான சார்ஜரும் வாங்கியதில் லைட்டின் விலையை அப்படியே இன்னொருமுறை கொடுத்தாயிற்று என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் பெரிதாக ஒன்றுமில்லை. ஓ-ரிங்கில் சிலிகான் கிரீஸ், பின்னால் ஒயர் வெளியே வரும் துளையைச் சுற்றிச் சிலிகான் சீலன்ட், பேட்டரிக்குப் புது ஷ்ரிங்க் உறை. மழைக்குப் போதும்.

இதுவரை செய்தது எல்லாமே பொறுமை இருந்தால் யாரும் செய்யக்கூடியது. சூடு, பேட்டரி, தண்ணீர் மூன்றிலும் மலிவு லைட்டை விலை உயர்ந்ததன் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்திவிடலாம். ஆனால் சாலையில் மறுபடி இரண்டையும் வைத்துப் பார்த்தால் இடைவெளி பெரிதாகக் குறையவில்லை. காரணம் சுவரில் தெரிகிறது.

பத்து மீட்டர் தள்ளி ஒரு வெற்றுச் சுவர். என் லைட்டை அதில் அடித்தால் நடுவில் பளீரென்று ஒரு வட்டம், சுற்றிலும் மங்கலாகப் பெரிய வட்டம். நண்பரின் லைட்டில் மேலே கோடு கிழித்தாற்போல வெட்டு. கோட்டுக்கு மேல் ஏறக்குறைய இருட்டு, கோட்டுக்கு நேர் கீழேதான் மிக அதிக வெளிச்சம், கீழே வர வர அது படிப்படியாகக் குறைகிறது. இது ஜெர்மனியின் போக்குவரத்து விதிக்கு ஏற்ப வடிவமைத்த லைட். அந்த விதி லூமெனைப் பற்றிப் பேசுவதே இல்லை. 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் விழ வேண்டும், எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும் உயரத்தில் 2 லக்ஸைத் தாண்டக்கூடாது. முக்கியமான கேள்வி அவ்வளவுதான்.

மேலே ஏன் அதிகம், கீழே ஏன் குறைவு என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டால் புரியும். லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைப்போம். 5 மீட்டர் தொலைவில் உள்ள தரை, கிடைமட்டத்திலிருந்து 11 டிகிரி கீழே இருக்கிறது. 10 மீட்டர் என்றால் ஏறக்குறைய 6 டிகிரி, 20 மீட்டர் என்றால் 3, 40 மீட்டர் என்றால் ஒன்றரை. வேகமாகப் போகிறவருக்கு வேண்டிய 10 முதல் 40 மீட்டர் வரையிலான சாலை முழுவதும் நாலரை டிகிரி உயரமுள்ள ஒரு மெல்லிய பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. அதோடு தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகும். 40 மீட்டரில் விழும் ஒளி, 10 மீட்டரில் விழுவதில் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே சாலை சீராகத் தெரிய வேண்டுமானால் பட்டையின் மேல்விளிம்பில் ஒளியை அள்ளிக் கொட்ட வேண்டும், கீழே சொட்டு சொட்டாக விட்டால் போதும்.

வட்டமான ரிஃப்ளெக்டரால் இதைச் செய்யவே முடியாது. பளீர் வட்டத்தைத் தூரத்துக்குத் திருப்பினால் பாதி ஒளி மரக்கிளைக்கும் எதிரே வருபவர் கண்ணுக்கும் போகிறது. கீழே தாழ்த்தினால் முன்சக்கரத்துக்கு முன்னால் 3 மீட்டரில் தரை வெள்ளையாக எரிகிறது. கண் அந்த வெளிச்சத்துக்குப் பழகிக் கருவிழியைச் சுருக்கிக்கொள்கிறது, அதனால் தூரம் இன்னும் இருட்டாகிவிடுகிறது. லூமெனைக் கூட்டக் கூட்ட இது மோசமாகுமே தவிரச் சரியாகாது.

விடாமல் முயற்சி செய்தேன். மெல்லிய தகரத்தை வளைத்துக் கருப்பு அடித்து லைட்டின் மேல் ஒரு தொப்பி மாட்டினேன். எதிரே வருபவர்களின் திட்டு குறைந்தது. ஆனால் தொப்பி ஒளியை மறைக்கிறதே தவிரச் சாலைக்குத் திருப்பி அனுப்புவதில்லை. இருக்கும் 800 லூமெனில் ஒரு பகுதி தகரத்தைச் சூடாக்குகிறது, அவ்வளவுதான். ஒளியைப் பக்கவாட்டில் மட்டும் விரிக்கும் கோடுபோட்ட கண்ணாடிகள் கிடைக்கின்றன, ஒற்றை எல்இடி லைட்டுக்கு அது ஓரளவு உதவும். வட்டம் நீள்வட்டமாகிறது, சாலையின் இரு ஓரமும் தெரிகிறது. மேலே அந்த வெட்டுக்கோடு மட்டும் வராது. அதற்குக் கணக்கிட்டு வார்த்த ரிஃப்ளெக்டர் வேண்டும், அதை அரம் வைத்து ராவி எடுக்க முடியாது.

இந்த வடிவம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு டைனமோ லைட்டுகளைப் பார்த்தால் போதும். சக்கரத்தின் ஹப்பில் இருக்கும் டைனமோ தருவது 6 வோல்ட், 3 வாட். அதை வைத்துக்கொண்டு புஷ் உண்ட் முல்லர் நிறுவனத்தின் ஐக்யூ-எக்ஸ் என்ற லைட் 100 லக்ஸ் அடிக்கிறது. என் லைட் அதைப் போல மூன்று மடங்குக்கு மேல் மின்சாரம் தின்றுவிட்டு, அதே 10 மீட்டரில் வட்டத்தின் நடுவிலேயே அதில் பாதியைத்தான் தொட்டது.

ஆக, விலை உயர்ந்த லைட்டுக்குக் காசு கொடுக்கலாமா என்றால், எதற்காக அந்த விலை என்று பார்த்துக் கொடுக்கலாம் என்பேன். வெட்டுக்கோடு உள்ள ஒளி வடிவத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். கழற்றி மாற்றக்கூடிய பேட்டரிக்கும் கொடுக்கலாம். உள்ளேயே வைத்து மூடிய பேட்டரி சில வருடத்தில் சோர்ந்ததும் நல்ல லைட் முழுவதும் குப்பையாகும் கொடுமையைப் பார்த்தாயிற்று. 18650 அல்லது அதைவிடச் சற்றுப் பெரிய 21700 செல் போட்டு எடுக்க முடிகிற லைட் என்றால் என்னிடம் கூடுதல் மதிப்பெண் உண்டு. ப்ளூடூத், போன் செயலி, வெளிச்சத்தை எண்ணில் காட்டும் திரை இவற்றுக்குக் கொடுப்பது வீண். 1600ஐ 3000 ஆக்குவதற்கு இன்னொரு மடங்கு கொடுப்பதும் சாலையில் ஓட்டுபவருக்கு அநேகமாக வீண்தான். ஒளி இரண்டு மடங்கானால் கண்ணுக்கு இரண்டு மடங்காகத் தெரியாது, கொஞ்சம் கூடியதுபோலத்தான் இருக்கும்.

யாருக்கு எவ்வளவு வேண்டும் என்பதும் வேகத்தைப் பொறுத்தது. மணிக்கு 30 கிலோமீட்டரில் போகிறவர் வினாடிக்கு 8 மீட்டருக்கு மேல் நகர்கிறார். பள்ளத்தைப் பார்த்து மூளை விழித்து கை பிரேக்குக்குப் போக ஒன்றரை வினாடி என்று வைத்தால் 12 மீட்டர் போய்விடும், பிரேக் பிடித்து நிற்க இன்னொரு 9 மீட்டர். ஈரச் சாலையென்றால் அதற்கும் மேல். அப்படியானால் 30 மீட்டர் தூரமாவது தெளிவாகத் தெரிய வேண்டும், அவர் நல்ல ரிஃப்ளெக்டருக்குச் செலவு செய்வதில் தப்பில்லை. தெருவிளக்குள்ள சாலையில் நிதானமாகப் போகிறவருக்கு மற்றவர்கள் பார்வையில் பட்டால் போதும், 100, 200 லூமென் உள்ள சின்ன லைட்டே தாராளம். காட்டுப் பாதையில் ஓட்டுபவர்களின் கதை வேறு. தாழ்ந்த கிளை, திருப்பம் எல்லாம் தெரிய அவர்களுக்கு வட்டமான ஒளிதான் வேண்டும், எதிரே யாரும் வரப்போவதும் இல்லை. என் மூன்று எல்இடி லைட், புதுப் பேட்டரியோடு, அவர்களுக்குப் பொருத்தமானது. மலிவு லைட்டைச் செம்மைப்படுத்தும் வேலை அவர்களுக்குத்தான் லாபம்.

நான் நண்பரின் லைட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாதிரி வெட்டுக்கோடு உள்ள, ஆனால் லூமென் பாதியே உள்ள நடுத்தர விலை லைட் ஒன்றை வாங்கிக்கொண்டேன். பழையதை வண்டி ரிப்பேர் பார்க்கும் மேசைக்கு மேலே மாட்டியிருக்கிறேன்.

எந்த லைட்டை வாங்கினாலும், மாட்டும் கோணம் தவறினால் வெட்டுக்கோடு இருந்தும் பயனில்லை. சமதளத்தில் சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்தி, யாரையாவது சீட்டில் உட்காரச் சொல்லுங்கள். தரையிலிருந்து லைட் இருக்கும் உயரத்தை அளந்து சுவரில் ஒரு குறி போடுங்கள். வெளிச்சத்தின் மேல்கோடு அந்தக் குறிக்குச் சற்றே கீழே, நாலைந்து விரற்கடை தாழ்ந்து நிற்க வேண்டும். பிறகு போல்ட்டை நன்றாக இறுக்கிவிடுங்கள். ரப்பர் வளையத்தில் மாட்டும் லைட் குலுங்கிக் குலுங்கி இறங்கிவிடும், அதை வாரம் ஒருமுறை பார்த்துத்தான் ஆக வேண்டும்.